கொடுத்தது, விட்டது, எடுத்தது

கோப்பில் தாயின் பெயர் மூன்று விதமாக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் சிங்கள எழுத்தில் ஒன்று. நீதிமன்றக் கட்டளையில் ஆங்கிலத்தில் ஒன்று. நெதர்லாந்தில் யாரோ தட்டச்சு செய்த தாளில் இன்னொன்று. உண்மைப் பெயரை இங்கே எழுதமாட்டேன். லெட்சுமி என்று வைத்துக்கொள்கிறேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் லெட்சுமி என்று கூப்பிட்டது பதிவாளர் காதில் லெச்சமியாக விழுந்து, சிங்களத்தில் ஏறி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு இறங்கும்போது இரண்டு எழுத்து கூடி, கடல் தாண்டியதும் வேறு உருவம் எடுத்திருந்தது. டச்சுக்காரர் வாயில் அந்த எழுத்துகள் தொண்டையை உரசிக்கொண்டு வரும். நெதர்லாந்துக்குத் தத்துப்போய், இப்போது பெற்றவளைத் தேடி வந்திருந்த மகள் நாற்பது வருடமாகத் தன் தாயின் பெயரை அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள்.

இலங்கை மலையகத்தின் அட்டனில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து நான் முதன்முதலாக “லெட்சுமி” என்று வாசித்தபோது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். திரும்பவும் கேட்டாள். அன்று காலை முழுவதும் நாங்கள் செய்த வேலை அவ்வளவுதான். வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பெயரை உதட்டுக்குள் வைத்துச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், புதுப் பல் முளைத்த குழந்தை நாக்கால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதைப்போல.

*

நான் தோட்டப் பாடசாலையில் 31 வருடம் படிப்பித்தவள். தமிழும் சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் தெரியும். 2017-இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சியின் ‘செம்ப்லா’ நிகழ்ச்சி, இலங்கையிலிருந்து போன குழந்தைகளின் காகிதங்களில் எவ்வளவு பொய் இருந்தது என்று காட்டியது. அதன் பிறகு தேடி வருகிறவர்கள் கூடினார்கள். தெரிந்தவர் ஒருவர் மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார். போனேன். இதுவரை 11 பேருடன் நடந்திருக்கிறேன். பெற்றவள் கிடைத்தது 2 பேருக்கு.

எனக்குப் பிறகும் யாராவது இப்படித் துணைக்குப் போவார்கள். அவர்களுக்காக அவ்வப்போது எழுதி வைக்கிறேன்.

*

சின்ன வயதில் நாங்கள் அடம்பிடித்தால் அம்மா சொல்லுவாள்: “ஒன்னயத் தவிட்டுக்கு வாங்குனேன், தெரியுமா?” தமிழ் வீடுகளில் இதைக் கேட்காத பிள்ளை குறைவு. பிறந்து பிறந்து செத்துப்போகிற வீட்டில், எமனை ஏமாற்ற, புதிதாகப் பிறந்ததை அடுத்த வீட்டுக்காரியிடம் ஒருபடி தவிட்டுக்கு விற்றதுபோல் பாவனை செய்து திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிச்சை என்றும் குப்பை என்றும் பெயர் வைப்பார்கள். யாரும் விரும்பாத பிள்ளை என்று சாவு நினைத்துக்கொள்ளட்டும் என்று. அந்தப் பழைய அச்சம்தான் தேய்ந்து தேய்ந்து வீட்டுக் கேலியாக நின்றுவிட்டது.

நான் ஒருமுறை அதை நம்பி ஒரு மத்தியானம் முழுக்க அழுதேன். வேலை முடிந்து வந்த அம்மா, “சும்மா சொன்னேன்டி” என்று கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கொழுந்து வாசனையும் வியர்வையும். அந்த ‘சும்மா சொன்னேன்’ என்ற சொல்லுக்கு எவ்வளவு விலை என்று தேடி வருகிற இவர்களுடன் நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இவர்கள் கேட்ட கதையில் அந்தக் கடைசி வரி வரவேயில்லை.

*

நடந்ததைச் சுருக்கமாக எழுதி வைக்கிறேன். 1970-களிலும் 80-களிலும் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகள் 11,000 வரை இருக்கும் என்கிறார்கள். நெதர்லாந்துக்கு மட்டும் ஏறத்தாழ 4,000. சுவிட்சர்லாந்துக்கு 1973-க்கும் 1997-க்கும் இடையில் 881. கேட்கிற குடும்பங்கள் அங்கே நிறைய. கொடுக்க முடியாத வறுமை இங்கே நிறைய. நடுவில் வக்கீல், தரகர், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர் என்று ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் பணம். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் ஒரே வீட்டில் அடைத்து வைத்திருந்த இடங்களும் இருந்தன. 1987-இல் அது வெளியே வந்தபோது வெளிநாட்டுச் சுவீகாரம் கொஞ்ச காலம் நிறுத்தப்பட்டது. 1992-இல் சட்டம் இறுக்கப்பட்டது.

தேடுகிறவர்களுக்கு இதில் ஒரு செய்திதான் முக்கியம். நீதிமன்றத்தில் “நான்தான் தாய், சம்மதம்” என்று குழந்தையுடன் நின்ற பெண் தாயாக இல்லாமல் இருக்கலாம். கூலிக்கு நின்றவளாக இருக்கலாம். ஆகவே சான்றிதழில் உள்ள பெயரைக் கண்டுபிடிப்பதும் தாயைக் கண்டுபிடிப்பதும் இரண்டு வேலை. வருகிறவர்களிடம் இதை முதல் நாளே சொல்லிவிடவேண்டும். மனசு வராது. மூன்றாம் நாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு நான் ஒருமுறை ஒரு பையனுக்குப் பெரிய துன்பம் செய்துவிட்டேன். ‘பையன்’ என்கிறேன், அவனுக்கு வயது 38.

*

தமிழில் ‘தத்து’ என்றால் கொடுக்கப்பட்டது. எங்கள் பக்கத்துச் சட்டத்தாள்களில் ‘சுவீகாரம்’ என்று இருக்கும், தன்னுடையதாக ஆக்கிக்கொள்வது. ஒரு சொல் கொடுத்தவர் பக்கம் நிற்கிறது, ஒன்று எடுத்தவர் பக்கம். குழந்தையின் பக்கம் நிற்கிற சொல் ஒன்று இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கிறேன். தோட்டத்தில் “வளத்த புள்ள” என்பார்கள். அதுவும் வளர்த்தவரைச் சொல்வதுதான்.

தேடி வருகிற எல்லாரும் பெற்றவளிடம் கேட்கிற கேள்வி ஒன்றே. அவர்கள் அதை ஆங்கிலத்தில் கேட்கும்போது எனக்கு ஒரு வினாடிதான் கிடைக்கும், எந்த வினைச்சொல்லைப் போடுவது என்று முடிவு செய்ய. ‘ஏன் என்னைக் கொடுத்தீங்க?’ என்றால் அவளுக்கு மனசும் கையும் இருந்தது, யோசித்துச் செய்தாள் என்று ஆகிறது. ‘ஏன் விட்டுட்டுப் போனீங்க?’ என்றால் அது குற்றச்சாட்டு. பெற்றவள் அங்கேயே தலையைக் குனிந்துவிடுவாள், பிறகு ஒரு சொல் வாங்க முடியாது. ‘எப்படி எடுத்தாங்க?’ என்றால் களவு என்று நானே தீர்ப்புச் சொன்னதாகிவிடும். கொடுத்தது, விட்டது, எடுத்தது. இந்த மூன்றில் எது நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். கேள்வியிலேயே நான் பதிலை வைத்துவிடக்கூடாது.

இப்போதெல்லாம் நான் “அன்னைக்கு என்னா நடந்துச்சி?” என்று கேட்கிறேன். கேட்பதற்கு முன்பே அவர்களிடம் சொல்லியும் விடுகிறேன்: நீங்கள் கேட்டதை அப்படியே கேட்கமாட்டேன், அவள் சொல்வதை மட்டும் அப்படியே சொல்வேன். ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அவருடைய சொல்லிலேயே கேட்டேன். அது அவருடைய உரிமை.

*

லெட்சுமியைத் தேடி வந்தவள் இரண்டு வருடம் சிங்களம் படித்துவிட்டு வந்திருந்தாள். அவளை வளர்த்தவர்கள் இலங்கை என்றால் சிங்களம் என்று நினைத்து, சின்ன வயதில் கண்டி நடனத்துப் படம் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். சான்றிதழின் முழு நகலை நான் வாசித்தபோதுதான் ‘இனம்’ என்ற கட்டத்தில் இந்தியத் தமிழர் என்று இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவளிடம் இருந்த டச்சு மொழிபெயர்ப்பில் அந்தக் கட்டம் விடுபட்டிருந்தது.

பிறந்த வருடம் 1984. தமிழர்கள் தாக்கப்பட்ட எண்பத்து மூன்று ஜூலைக்கு அடுத்த வருடம். தமிழர் என்ற சொல்லுக்கு இங்கே என்ன கனம் என்று நான் விளக்கவில்லை. அவள் வாசித்து அறிந்திருந்தாள். நெடுநேரம் கழித்து, “இரண்டு வருடமாக நான் என் அம்மாவுக்குத் தெரியாத மொழியைப் படித்தேனா?” என்று கேட்டாள். தோட்டத்துப் பெண்கள் பலருக்குச் சிங்களம் பேச வரும் என்றேன். அது உண்மை. அவளுக்கு அப்போது தேவைப்பட்ட உண்மையா என்று தெரியவில்லை.

இந்த நாட்டில் படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதிய இரண்டு சொல்லுக்காக மனிதர்கள் எரிக்கப்பட்டிருக்கிறார்கள். அதே கட்டத்தை யாரோ ஒரு தரகர் கைபோன போக்கில் நிரப்பியிருக்கவும் கூடும். இந்த இரண்டையும் ஒரே தாளில் பார்க்கும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது.

*

சான்றிதழில் இருந்த முகவரியில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் இருந்தன. நான் முதலில் தனியாகத்தான் போவேன். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சமையல் முடிந்த நேரம். வேனும் கமராவும் வெள்ளைத்தோல் கணவருமாக லயத்துக்கு முன்னால் போய் இறங்கினால், ஐந்து நிமிடத்தில் பத்துக் காம்பராவும் வாசல் இஸ்தோப்பில் நிற்கும். நாற்பது வருடம் மூடி வைத்ததை ஒரு பெண் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் திறக்க வேண்டியதாகிவிடும். அவளுடைய புருசனுக்குத் தெரியாமல் இருக்கலாம். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். தேடி வந்தவர் விமானம் ஏறிவிடுவார். அவள் அந்த லயத்திலேயேதான் இருக்கவேண்டும்.

லெட்சுமி என்ற பெயருள்ள கிழவி இருந்தார். கடைசிக் காம்பரா. கண்ணில் படலம். பழைய கோர்ட்டுக் காகிதம் ஒன்றைப் பற்றிக் கேட்க வந்தேன் என்றதும் முகம் மாறிற்று. உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நான் பெக்கல டீச்சர். தூக்கிக்கிட்டு நின்னேன். அவ்வளவுதான்.”

வீட்டில் அரிசி இல்லாத மாதம். யாரோ ஒருவர் கேட்டார். பஸ்ஸில் கூட்டிப்போனார்கள். சேலை ஒன்று கொடுத்தார்கள், கொஞ்சம் காசு. நீதிபதி கேட்டால் ‘ஆம்’ என்று தலையாட்டு என்றார்கள். பெற்றவள் யார் என்று கேட்கக்கூடாது என்றும் சொன்னார்கள். ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தார். பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

நான் இறங்கி வந்து அட்டனில் காத்திருந்தவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. சான்றிதழை மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். இப்போது தாயின் பெயரும் இல்லை, ஊரும் இல்லை, இனமும் இல்லை. நான் திரும்பிப் போய்விடுவோம் என்றுதான் நினைத்தேன். அவள், “அந்த அம்மாவைப் பார்க்கலாமா?” என்றாள்.

மறு ஞாயிறு கூட்டிப்போனேன், கிழவியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு. இருவரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கிழவி பயந்துபோய் இருந்தார்; பொலீசு வருமா என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். வராது என்றேன். இவள் தலையை நிமிர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நான் அழுதேனா?”

கிழவி யோசிக்கவே இல்லை. “அழல. இந்த வெரலப் புடிச்சிக்கிட்டுத் தூங்கிருச்சி.” வலது கை ஆள்காட்டி விரலை நீட்டினார். கவ்வாத்துக் கத்தி பட்ட பழைய தழும்பு அதில் இருந்தது. “ஒடம்பு சூடா இருந்திச்சி. பால் வாசன. அன்னைக்குக் காலையில யாரோ பால் குடுத்து அனுப்பியிருக்காங்க. அதான் தூங்குச்சி.”

நான் மொழிபெயர்த்தேன். அவள் அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலையில் பால் கொடுத்து அனுப்பிய ஒருத்தி இருந்தாள். கோப்பில் எங்கும் இல்லாத செய்தி. புட்டிப்பாலாகவும் இருந்திருக்கலாம் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

*

கூலிக்கு நின்ற பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கும் முதலில் வந்தது. ஒரு நாள் கூலிக்கும் ஒரு சேலைக்கும் ஒரு உயிரின் வேரை அறுத்தார்களே என்று. பிறகு கணக்குப் பார்த்தேன். அந்தச் சங்கிலியில் ஆகக் குறைவாக வாங்கியவள் அவள். கைநாட்டு அவளுடையது என்பதால் காகிதத்தில் மாட்டிக்கொண்டவளும் அவள்தான். மேலே இருந்தவர்களின் பெயர் எந்தத் தாளிலும் அப்படி அகப்படுவதில்லை.

*

இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனவர்களைத் தேடுவது வேறுவிதம்.

1948-இல் எங்கள் மலையகத் தமிழ்ச் சனங்களின் குடியுரிமை போயிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது. மீதி 1,50,000 பேரை 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு எந்த நாடு என்று விண்ணப்பம் போட்டுவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். கடிதம் வந்ததும் தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் எங்கேயோ ஒரு தேயிலை மலை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. 1984-இல் கப்பல் நின்றது.

1976-இல் பிறந்து ஐரோப்பாவுக்குப் போன ஒரு பிள்ளையின் தாய் 1979-இல் கப்பல் ஏறியிருந்தாள். ஆக, கடல் இரண்டு தடவை நடுவில் வந்துவிட்டது. மகள் இங்கே வந்து தேடுகிறாள். தாய் இங்கே இல்லை. அரசாங்கங்கள் இரண்டும் அந்தக் குடும்பத்தைத் தலைக்கணக்காக எண்ணின. எண்ணியபோது ஒரு தலை ஏற்கெனவே வேறு கண்டத்துக்குப் போயிருந்தது.

ஆனால் கப்பல் ஏறியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அவர்கள் ஊரைவிட்டுப் போகும்போது தோட்டத்தின் பெயரை மூட்டையோடு கொண்டுபோனார்கள். கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் இன்றைக்கும் வயசான ஒருவரைக் கேட்டால், “நாங்க மஸ்கெலியா”, “நாங்க பொகவந்தலாவ” என்றுதான் தொடங்குவார். டிவிசன் பெயர் சொல்வார். கங்காணி பெயர் சொல்வார். அரசாங்கப் பதிவேட்டில் கிடைக்காததை நான் தொலைபேசியில் மூன்று கல்யாண வீட்டுச் சொந்தத்தைப் பிடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கிடைத்த 2 பேரில் ஒருத்தி அப்படித்தான் கிடைத்தாள்.

தாயும் மகளும் பார்த்துக்கொண்ட அன்று நான் அங்கே இல்லை. படம் அனுப்பினார்கள். மகளின் நெற்றியில் குங்குமம், முன்னால் வாழை இலை, இலையில் எவ்வளவு சோறு! பேச ஒரு மொழி இல்லாத இரண்டு பேருக்கு நடுவில் அந்தச் சோறு இருந்தது.

*

பிள்ளையைப் பார்க்கமாட்டேன் என்று சொன்ன தாய் ஒருத்தி உண்டு. மரபணு, பெயர், வயது எல்லாம் பொருந்தி வந்த பிறகு. ஐந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், கோயில் திருவிழாவில் முன்னால் நிற்கிற குடும்பம். ஆலமரத்தடியில் நின்று என்னிடம் கைகூப்பினாள். “என்னயக் காட்டிக்குடுத்திராதீங்க டீச்சர்.” கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது. நாங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளாமல் கொஞ்ச நேரம் நின்றோம். போகத் திரும்பினேன். பின்னால் நடந்து வந்தாள்.

“நல்லா இருக்கா?”

இருக்கிறாள் என்றேன்.

“படிச்சிருக்கா?”

தாதியாக வேலை செய்கிறாள் என்றேன்.

“கண்ணாலம் ஆயிருச்சா? புள்ளைக இருக்கா?”

இரண்டு ஆண் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

இந்த மூன்று கேள்வியையும் எழுதி, அவள் கேட்ட ஒழுங்கிலேயே வாசித்துக் காட்டினேன். விடுதி அறையில் அந்தத் தாதிப்பெண் கட்டிலில் உட்கார்ந்து, “நல்லா இருக்கா என்றுதான் முதலில் கேட்டாளா? நிச்சயமாகவா?” என்றாள். ஆம். அதுதான் முதலில்.

அவளுக்குத் தாயின் முகத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று நான் முழுமனதாக நம்புகிறேன். அந்தத் தாய்க்குத் தன் வாசலைச் சாத்திக்கொள்ளும் உரிமை உண்டு என்றும் அதே அளவு நம்புகிறேன். இரண்டும் ஒரே மனசில் இருக்க இடம் போதவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. இந்திய விதிமுறைகளில் இதற்கு ஒரு வழி எழுதியிருக்கிறார்கள்: பெற்றோர் பெயரை மறைக்கக் கேட்டிருந்தால் அவர்களுடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், மறுத்தாலோ கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழ்நிலையில் குழந்தை ஒப்படைக்கப்பட்டது என்பதையாவது தேடி வந்தவருக்குச் சொல்லவேண்டும். யாரோ இதை மிகவும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். முகம் கிடைக்காதவருக்குக் காரணமாவது கிடைக்கட்டும் என்று.

*

எச்சில் எடுக்கிற சிறு குழாய், கன்னத்தின் உட்புறம் தேய்க்கிற பஞ்சுக் குச்சி. இரண்டும் என் கைப்பையில் இருக்கும். கட்டிப்பிடிப்பதற்கு முன்னால் சோதனை. இதைச் சொல்லும்போது நான் கல்நெஞ்சக்காரியைப்போலத் தெரிவேன். ஆனால் முதல் தடவை பொய்த்தாயைக் காட்டிய அதே தொழில் இரண்டாம் தடவையும் நடக்கிறது. தேடித் தருகிறேன் என்று காசு வாங்கிக்கொண்டு, வயசும் நிறமும் ஒத்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தேடி வந்தவர் அவளைக் கட்டிப்பிடித்து அழுது, ஊருக்குப் போய் மாதாமாதம் பணம் அனுப்பி, மூன்று வருடம் கழித்துச் சோதனை செய்து, இல்லை என்று தெரிந்து. அந்த இரண்டாவது இழப்பைப் பார்த்திருக்கிறேன். அது முதலாவதைவிடக் கொடியது. முதலாவது நடந்தபோது அவருக்கு நினைவு தெரியாது.

பெரிய மரபணுத் தளங்களில் பதிந்து வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்கள். ஆகவே முதலில் அகப்படுவது தாயல்ல. வேறு நாட்டுக்குத் தத்துப்போன அக்காவோ சித்தப்பா பிள்ளையோ. ஒரே வயிற்றில் பிறந்து ஒருத்தி ஜெர்மனியிலும் ஒருவன் சுவீடனிலும் வளர்ந்திருக்கிறார்கள். லயத்தில் உட்கார்ந்திருக்கிற கிழவியின் எச்சில் எந்தத் தளத்திலும் இல்லை. 2017-இல் இலங்கை அமைச்சர் ஒருவர் மரபணு வங்கி அமைப்போம் என்று சொன்னார். இந்தத் தாய்மாருக்கு இப்போது அறுபது, எழுபது வயசு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒருத்தி குறைகிறாள். இதில் நாள் கடத்துவதைப்போல் ஒரு கொடுமை வேறில்லை.

குச்சியை நீட்டுவதற்கு முன்னால் பெற்றவளிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இதை யார் பார்ப்பார்கள், எங்கே போகும், உறவுக்காரர் எவர் பெயராவது தானாக வெளியே வருமா. அவளுக்குப் புரிந்ததா என்று திருப்பிக் கேட்கவேண்டும். ஒரு தரம் காகிதத்தில் கைநாட்டு வாங்கினவர்கள் அவளிடம் எதையும் விளக்கவில்லை. நாமும் அப்படிச் செய்யக்கூடாது.

*

தத்துப்போனவர்கள் வைத்தியரிடம் போகும்போதெல்லாம் ஒரு படிவம் தருவார்களாம். குடும்பத்தில் யாருக்காவது நீரிழிவு உண்டா, இருதய நோய் உண்டா, மார்பில் கட்டி உண்டா. இவர்கள் ஒவ்வொரு தடவையும் ‘தெரியாது’ என்று எழுதுகிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு அந்தப் பிள்ளைக்கும் பாதி ‘தெரியாது’. வேர் என்று பெரிய சொல்லாகப் பேசுகிறோம்; அதன் அன்றாட உருவம் இந்தப் படிவம்.

*

சர்வதேச அளவில் குழந்தைச் சுவீகாரத்துக்கான ஹேக் உடன்படிக்கை 1993-இல் எழுதப்பட்டது. அது நடைமுறைக்கு வர மூன்று நாடுகள் ஏற்கவேண்டியிருந்தது. மெக்சிகோ, ருமேனியா, மூன்றாவதாக இலங்கை. 1995 மேயில் நடைமுறைக்கு வந்தது. அதன் 30-ஆம் பிரிவு, குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவலைப் பாதுகாக்கவேண்டும், வழிகாட்டலுடன் அதைப் பார்க்க வழி செய்யவேண்டும் என்கிறது. ஆக, இந்த நாடு அதை ஏற்றுக் கையொப்பம் வைத்தது. நான் ஓர் அலுவலகத்தின் பதிவறைக்குப் போனபோது, கேட்ட வருடத்துக் கட்டு மழை ஒழுகி ஒட்டிப்போய் ஒரே செங்கல்லாக இருந்தது. அங்கிருந்த எழுதுவினைஞர் நல்ல பிள்ளை. மின்விசிறிக்குக் கீழே வைத்து, ஸ்கேலால் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பார்த்தார். மூன்று நாள். கடைசியில் பாதி முகவரி ஒன்று கிடைத்தது. உதவி என்றால் எனக்கு இப்போதெல்லாம் அந்த ஸ்கேல்தான் நினைவுக்கு வருகிறது.

நெதர்லாந்தில் ஒரு விசாரணைக் குழு 1967 முதல் 1998 வரை இலங்கை, இந்தோனேசியா, பங்களாதேஷ், பிரேசில், கொலம்பியா ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து வந்த சுவீகாரங்களை ஆராய்ந்து 2021 பெப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. முறைகேடுகள் நடப்பது தங்கள் அரசுக்குத் தெரிந்தே இருந்தது என்றது. அரசு மன்னிப்புக் கேட்டது. 2024-இல் வெளிநாட்டுச் சுவீகாரத்தையே படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. சுவிட்சர்லாந்தும் 2020-இல் வருத்தம் தெரிவித்தது. இதை நான் லயத்தில் ஒரு தாயிடம் சொன்னேன். அவள், “எங்கிட்ட யாரும் கேக்கலயே” என்றாள். மன்னிப்பு பிள்ளைகளிடம்தான் கேட்கப்பட்டது. பெற்றவளிடம் அவளுடைய மொழியில் வந்து கேட்டவர் ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை.

*

ஒரு தடவை, தேடி வந்த மகளுடன் வளர்த்த தாயும் கூடவே வந்திருந்தார். எழுபத்தைந்து வயசு, கைத்தடி. பேசும்போதெல்லாம் அழுதார். எல்லாம் சட்டப்படி என்று நம்பிப் பணம் கட்டியதாகச் சொன்னார். நான் அவரை நம்பினேன். அவருடைய மகள் அவருக்குத் தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்துவிட்டு, என்னோடு மலைக்கு ஏறினாள். இரண்டு தாய்க்கும் நடுவில் பிள்ளை செய்கிற வேலை எவ்வளவு கடினம் என்று அந்த ஏற்றத்தில் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

*

லெட்சுமியைத் தேடி வந்தவள் ஊருக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. மரபணுத் தளத்தில் பதிந்திருக்கிறாள். தூரத்துச் சொந்தம் ஒன்று, மிகத் தூரம், பிரான்சில். அதற்கு மேல் இல்லை. தமிழ் எழுத்துப் படிக்கிறாள். சிங்களத்தையும் விடவில்லை, இரண்டில் எது என்று தெரியும்வரை இரண்டும் இருக்கட்டும் என்கிறாள். போன மாதம் ஒரு தாளில் ‘லெட்சுமி’ என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினாள். கொம்பு சுழி கொஞ்சம் பெரிசு. தாயின் பெயர் அது இல்லை என்று அவளுக்குத் தெரியும். கிழவிக்குக் காட்டச் சொன்னாள்.

காட்டினேன். கிழவிக்கு எழுத்தும் தெரியாது, கண்ணும் தெரியாது. திரையைத் தடவிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். தேத்தண்ணி ஊற்றுவார். என் காலடிச் சத்தம் கேட்டதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“அந்தப் புள்ளைக்கு ஆத்தா கெடச்சிச்சா டீச்சர்?”

“இன்னும் இல்ல ஆத்தா.”

நேற்றும் கேட்டார். கேட்டுவிட்டு, பலகைக்கு மேலிருந்து ஒரு தேயிலைத்தூள் பொட்டலத்தை எடுத்து, அவளுக்கு அனுப்பச் சொல்லி என் கையில் வைத்தார்.